பன்னிரண்டாவது பெயர்ச்சீட்டு

அப்பாவுக்குப் பணிவான வணக்கம். அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் விசுவாசத்துக்குப் பணயமாக வந்தவள் என்று இந்தக் கோட்டையில் யாரும் என்னைப் பட்டினி போடவில்லை.

என் கையெழுத்துக்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. போரில் வெட்டிய தலைகளைப் பெண்கள் கழுவி, வாரி, பிரபு பார்வையிட வரிசையாக வைப்பார்கள். நான் பெயர்ச்சீட்டு எழுதிக் கட்டுவேன். மாபெரும் தளபதிகளைப் பற்றி நான் படித்த ஏடுகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை.

நேற்று வந்த எதிரித் தலைகளில் பன்னிரண்டாவது ஷின்பெய் அண்ணன். நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் நின்றது தெரிந்தால், என் தலையும் அதே வரிசைக்கு வந்துவிடும்.

தலை கழுவும் ஓதோகு அக்கா சிரித்தாள். "பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசிடவாடி? பெரிய இடத்துப் பிள்ளைன்னு காட்டினா, வெட்டினவனுக்குப் பரிசு கூடும்."

"வேண்டாம்க்கா. யாரோ கூலிக்கு வந்தவன்."

"ஏன் வெளுத்துப் போயிட்டே? தெரிஞ்ச முகமா?"

"நாத்தம் தாங்கலக்கா."

'பெயர் தெரியாதவன்' என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. அவன் தலையை நானே வாரினேன்.

அவனை நீங்கள் அனுப்பினீர்களா என்று கேட்க மாட்டேன். இதை உப்புக்காரி ஒளித்துக் கொண்டு வருகிறாள், படித்ததும் எரித்துவிடுங்கள். என் பஞ்சு அங்கியை அவளிடமே கொடுத்தனுப்புங்கள், இங்கே பனி சீக்கிரம் விழும். நீங்கள் எதிரிப் பக்கம் மாறுவதென்று முடிவாகியிருந்தால் அனுப்ப வேண்டாம். அவள் வெறுங்கையோடு வந்தால் புரிந்துகொள்வேன். அங்கியைத் தங்கைக்குக் கொடுங்கள். கையை மட்டும் சுருக்கித் தைக்க வேண்டும்.

கூப்பிடுகிறார்கள்.

சாயோ