இடது பக்கச் சத்தம்

பிப்ரவரி 3, திங்கள்

பிக்கப் கத்துகிறது. போன வாரம் பெண்ணாடம் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றிப் போனபோதே லேசாக ஒரு 'ஊம்' இருந்தது. இன்று சிதம்பரம் போய் வந்ததில் தெளிவாகிவிட்டது. நாற்பதில் தொடங்குகிறது, அறுபதில் சுருதி ஏறுகிறது. இடது முன் சக்கரம், பேரிங். சந்தேகமே இல்லை. மண்டபம் நிறைய ஜனம் இருந்தாலும் எந்த மூலை ஸ்பீக்கர் இரைகிறது என்று மிக்ஸர் முன்னால் நின்றபடியே சொல்கிறவன் நான். கடலூரில் பாதி கல்யாணம் இந்தக் காதை நம்பித்தான் நடக்கிறது. ஒரு கிழட்டு வண்டியில் எந்தச் சக்கரம் அழுகிறது என்று தெரியாதா?

வீட்டுக்காரி கனிமொழியும் கூட வந்தாள். அவளுக்கு 'ஊம்' பெரிதில்லையாம். மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து கீச் கீச்சென்று சில்வண்டு மாதிரி கத்துகிறதாம். அப்படி ஒரு சத்தமே இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 5

முதுநகரில் கலியமூர்த்தி பட்டறை. அவர் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். எதற்கு? அதான் நான் கேட்டுவிட்டேனே. இடது முன் பேரிங்கை மாற்றச் சொன்னேன், மாற்றினார். கழற்றியதைத் துடைத்து, விரலால் சுற்றிப் பார்த்து, இது நல்லாத்தானே இருக்கு என்றார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். அந்த ஆள் பொறுமைசாலி.

பிப்ரவரி 6

ஊம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 11

சிப்காட் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினேன். வலப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்தில் பாரம் விழும், பேரிங் போயிருந்தால் சத்தம் ஏறும். ஏறவில்லை. எதிரே வந்த கம்பெனி பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, காலையிலேயே தண்ணியா என்று கேட்டார். கனிமொழி மேலே இருந்த கம்பியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டதில் ஊம் பாதியாகிவிட்டது. டயர்தான், ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. பேரிங் பாவம், குற்றமில்லாமல் தண்டனை வாங்கியது. ஆனாலும் கண்டுபிடித்தது நான்தானே!

கீச் இன்னும் இருக்கிறதாம். போதாததற்கு, முதல் கியரில் கிளம்பும்போது அடியில் ஒரு 'டொக்'. டொக் எனக்கும் கேட்கிறது. கிளட்ச்சாக இருக்கும்.

இவள் ஏன் எல்லா ட்ரிப்புக்கும் ஏறிக்கொள்கிறாள் என்றுதான் தெரியவில்லை. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவள், வண்டியில் உட்கார்ந்தால் சிதம்பரம் வரைக்கும் வாய் மூடுவதில்லை.

பிப்ரவரி 18

விஞ்ஞான முறையில் இறங்கினேன். போனை சீட்டுக்கு அடியில் வைத்து, மெதுவாக ஓட்டி, சத்தத்தைப் பதிவு செய்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். திரையில் மேல் பக்கம், கீச்சுச் சத்தங்கள் வரவேண்டிய இடத்தில், சீப்பு மாதிரி வரிசையாகக் கோடுகள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. ஆகவே போன் மைக் கெட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்தேன்.

பக்கத்தில் இருந்த மச்சான் பாலகுமார், கனிமொழியின் தம்பி, தொழிலில் எனக்குக் கூட்டு, "நல்லா கேக்குதே மாமா" என்றான். நாள் பூரா இயர்போன் மாட்டினால் காது இப்படித்தான் இல்லாததையெல்லாம் கேட்கும் என்று அவனுக்குப் புத்தி சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சிதம்பரத்தில் சாயந்திரம் ரிசப்ஷன். மதியமே முழு லோடு ஏற்றிக்கொண்டு நானும் கனிமொழியும் கிளம்பினோம். பாலகுமார் முன்னாடியே பைக்கில் போய்விட்டான். புதுச்சத்திரம் தாண்டியதும் அடியில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு இடி. பிறகு தார் ரோட்டில் இரும்பு இழுபடும் சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. எப்படியோ உருட்டி ஓரம் கட்டினேன்.

குனிந்து பார்த்தால், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு பின்பக்க முனை கழன்று ரோட்டில் கிடக்கிறது. ஓரத்தில் நின்ற கனிமொழியும் குனிந்து பார்த்தாள்.

"அந்தக் கீச் சத்தம் நின்னுடுச்சுங்க," என்றாள்.

கிண்டல் இல்லை. பயத்தில் முகம் வெளுத்திருந்தது. முன் முனை கழன்றிருந்தால் தண்டு ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கும் என்று கலியமூர்த்தி பிறகு சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வண்டி பிடித்து சாமான் போய்ச் சேர்ந்தது. ரிசப்ஷன் நடந்தது.

மார்ச் 4

பட்டறை. தண்டை அச்சோடு சேர்க்கும் கிராஸ், கூட்டல் குறி மாதிரி இருக்கும் மூட்டு, உடைந்திருக்கிறது. கலியமூர்த்தி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் மிளகாய்த்தூள் மாதிரி துருப்பொடி. உடையாத ஒரு முனையை விரலால் திருப்பினார். "பாருங்க, இது மாசக்கணக்கா கத்தியிருக்கும். கேக்கலியாண்ணே?"

அவர் திருப்புகிறார். திருப்பும்போதெல்லாம் கனிமொழியின் முகம் சுளிக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. ஒண்ணுமே இல்ல. அவர் சும்மா விரலை ஆட்டிக் காட்டுற மாதிரி இருக்கு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போன் மாட்டினேன். லேப்டாப்பில் ஒரு ஒற்றைச் சத்தத்தைப் போட்டு, அடி சுருதியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனேன். இடப்பக்கம் ரொம்ப தூரம் கேட்டது, உச்சியில் மட்டும் மங்கியது. வலப்பக்கம் பாதி வழியிலேயே செத்துப்போனது. ஒயர் கட்டாகியிருக்கும் என்று ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். இத்தனை வருஷமாக ஒயர் கோளாறு கண்டுபிடிக்கும் முறை அது. அப்பவும் வலப்பக்கம்தான் செத்திருக்கு.

ஒயர் இல்ல. நான்தான்.

அதான் எல்லாச் சத்தமும் எனக்கு இடப்பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது.

மார்ச் 5

யாரிடமும் சொல்லவில்லை. செவிட்டு மைக்செட்காரன்! வெளியே தெரிந்தால் ஊரே சிரிக்கும். நான் இன்னும் சிரிக்க ஆரம்பிக்கவில்லை.

மார்ச் 9

சொல்லிவிட்டேன். கனிமொழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வலது காது அனேகமாகப் போய்விட்டது என்றதும் கை நின்றது.

"அப்ப வீட்ல நான் கூப்புட்டதெல்லாம்?"

"கேக்கலடி."

தன் குரலே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள். எத்தனையோ நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டுவிட்டாளாம். "வண்டியில மட்டும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவீங்க. அதான் ஏறிக்குவேன்."

வண்டியில் அவள் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறாள்.

நான் டயரையும் பேரிங்கையும் ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில் இவள் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். என்னா ஆளுடா நீ.

மார்ச் 13, வியாழன்

சிதம்பரத்தில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காததற்கும் இரண்டு முறை அழுத்தினேன், பழக்கதோஷம். வலது காது வரைபடம் மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. இடதிலும் சரிவு ஆரம்பித்திருக்கிறது. என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார், சொன்னதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்கு மெஷின் வைக்கவேண்டும், ஸ்பீக்கர் பக்கம் நிற்கவே கூடாது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

இனி மிக்ஸரை நீ பாரு என்று பாலகுமாரிடம் சொன்னேன். துக்கமாகச் சொன்னேன், அவன் அழுவான் என்றுகூட எதிர்பார்த்தேன். அவன் நெளிந்தான். கொஞ்ச நாளாக நான் கீச்சுச் சத்தத்தை ஜாஸ்தியாக ஏற்றிவிடுகிறேனாம், ஜனங்கள் காதைப் பொத்துகிறார்களாம்.

"நீங்க டீ குடிக்கப் போறப்ப நான் கொறைச்சி வெச்சிடுவேன் மாமா."

திரும்பி வந்து கேட்டுவிட்டு, 'இன்னிக்கு சவுண்டு அருமை' என்று என்னையே மெச்சிக்கொண்ட நாட்கள் எத்தனை!

மார்ச் 29

மெஷின் மாட்டியாயிற்று. தோசைக் கரண்டி விழுந்தால் தலைக்குள் விழுகிறது. பேப்பர் புரட்டினால் சருகு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இதையா இவள் இத்தனை வருஷம் கேட்டாள்?

ஏப்ரல் 20, ஞாயிறு

சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம். சாமான் இறக்கி வைத்துவிட்டு வருவது மட்டும்தான் என் வேலை. கிளம்பும்போது கனிமொழியைக் கூப்பிட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. வந்தப்பறம் பேசிக்கலாம்," என்றாள்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை முக்கு. வண்டி நல்ல பிள்ளையாகப் போனது. பக்கத்து சீட்டில் அவள் விரித்துப் போட்டிருந்த துண்டு மட்டும். இத்தனை தூரமா இந்தச் சிதம்பரம்?

மண்டபத்தில் பாலகுமாரிடம் சாமானை ஒப்படைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஏதோ கேட்டாள். வெங்காயம் வதங்குகிற சத்தத்தோடு கலந்து வந்ததில் பாதிதான் புரிந்தது.

"என்னா சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன்.