மெம்பர் இல்லாத தெரு

இடது சுட்டுவிரலில் வைத்த மை நகக்கண்ணில் கறுத்துவிட்டது. பாத்திரம் தேய்த்தும் போகவில்லை. ஊராட்சித் தேர்தலில் இன்றுதான் முதல்முறையாக வாக்களித்தேன். நீ நின்றபோது உனக்குப் போட என்னிடம் ஓட்டு இல்லை.

அப்பாவின் கம்பெனி டவுன்ஷிப்பில் வளர்ந்த எங்களுக்கு ஊராட்சியும் கிடையாது, உறுப்பினரும் கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால் நிர்வாகத்துக்குப் போன் செய்வோம், ஆள் வரும். வார்டு என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரிதான். என்னோடு கல்லூரியில் படித்த நீ, படிப்பு முடிந்து உன் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் போனில் என் அம்மாவிடம், "அம்மா, நான் மூணாவது வார்டுல நிக்கறேன்" என்றதும் அம்மா பதறிவிட்டாள்.

"யாருக்குடி உடம்பு சரியில்ல? கஞ்சி வெச்சு எடுத்தாரட்டுமா?"

"கஞ்சி வேணாம்மா. ஓட்டு கேக்க ஆளு பத்தல, நீங்க வாங்க."

நீ ஜெயித்தாய். உன் தெருவில் பாதிவரை குடிநீர்க் குழாய் வந்தது. மீதிப் பாதிக்கு வருமுன் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நின்றுபோய், உறுப்பினர்களுக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தத் தனி அலுவலர் வந்தார். பிறகு வார்டுகளைத் திருத்தி எழுதினார்கள். உன் தெருவை நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பெரிய தெருவோடு சேர்த்தார்கள். ஓட்டு அங்கேதான் அதிகம். இனி இந்தத் தெருவிலிருந்து யாரும் ஜெயிக்க முடியாது என்று உனக்குப் புரிந்துவிட்டது.

ஆட்சேபம் சொல்ல ஒன்றிய அலுவலகத்துக்கு இருவரும் போனோம்.

"நீங்கதான் இப்ப மெம்பர் இல்லியேம்மா" என்றார் அங்கிருந்தவர்.

"மெம்பர் இல்லன்னா தாகம் எடுக்காதுங்களா?" என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. வார்டும் மாறவில்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, உன் தெருவின் கடைசியில் வீடு கட்டி வந்தோம். குழாய் வராத பாதி. போன வாரம் மெம்பருக்கு நிற்பவர் ஓட்டு கேட்டு வந்தார். தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் வாசலுக்குப் போய், "எங்க தெருவுக்கு எப்பங்க தண்ணி வரும்?" என்று கேட்டேன்.

"இதையேதாங்க அந்தப் பொண்ணும் கேட்டுகினே இருந்துது" என்றார்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். 'எங்க தெரு' என்று என் வாழ்நாளில் நான் சொன்னது அதுதான் முதல்முறை. நீ கேட்டிருந்தால் கிண்டல் செய்திருப்பாய்.