இடுப்பெலும்பிலிருந்து தொண்டைக்கு

11 ஜூலை 2014, திண்டிவனம்
இன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து செண்பகம் டீச்சர் வந்து என் வீட்டுக்காரர் பிரபுவுக்கு விடைத்தாள்களைப் படித்துக் காட்டினார். அவர் கண் தெரியாத வரலாற்று வாத்தியார்; எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நான்தான் படித்தேன். கிளியனூர் பக்கம் வேன் மோதி, தொண்டைக்குள் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு எனக்குக் குரல் இல்லை; வெறும் காற்று. மிக்சி ஓடினால் நான் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

டீச்சர் நன்றாகத்தான் படிக்கிறார். அதுதான் பிடிக்கவில்லை.

2 ஆகஸ்ட்
விழுப்புரத்தில் டாக்டர் சுப்பராயலு தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குழாய் அழுத்தியதில் குரல்நாண் இரண்டிலும் தழும்பு.

"விறைச்சுப் போச்சும்மா, அதிரவே மாட்டேங்குது. ஸ்டெம் செல் வெச்சு சென்னையில ஒரு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டுப் பாருங்க."

3 ஆகஸ்ட்
பிரபு வேண்டாம் என்கிறார். "மறுபடியும் தொண்டையிலதான கை வெப்பாங்க? இருக்கிறதும் போயிடுச்சுன்னா?"

"இப்ப என்ன இருக்குது?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

19 செப்டம்பர், சென்னை
இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அதிலுள்ள செல்களை வளர்த்து, தழும்பை அறுத்த இடத்தில் ஊசியால் போடுவார்களாம். "மெதுமெதுன்னு ஆறணும். ஆறாமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. பிரபுவும் சம்மதக் கையெழுத்துப் போட்டார் — எந்த இடம் என்று என் விரலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு.

24 அக்டோபர்
ஊசி போட்டாயிற்று. ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது. எனக்கு என்ன புதுசா?

2 நவம்பர்
"என்னங்க" என்றேன். அதே காற்று.

"பரவால்ல விடு" என்றார்.

14 மார்ச் 2015
சமையலறையிலிருந்து, "குழாயில தண்ணி வந்திருச்சு" என்றேன். வழக்கம்போலச் சொன்னதுதான். கூடத்திலிருந்து பிரபு, "யாரு?" என்றார்.

பழைய குரல் இல்லை. கரகரவென்று, ஆம்பளைக் குரல் மாதிரி. பக்கத்தில் போய் "நான்தான்" என்றேன். என் தொண்டையில் கை வைத்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எதற்குக் கோபம் வந்தது? யாரு என்று கேட்டாரே —

9 ஏப்ரல்
ஒரு பக்கம் அதிர்கிறதாம், இன்னொரு பக்கம் அவ்வளவாக இல்லை. இனிப் பாட்டு வராது. என்னோடு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு இந்த அளவுகூட இல்லை என்றார் டாக்டரம்மா.

21 ஜூன்
பிரபு விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"யாரக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க? வூடு மாத்தறதுன்னா சும்மாவா?"

"மெதுவா பேசு பவுலின். பக்கத்து வூட்டுல கேக்கப்போவுது."

மெதுவாகப் பேசச் சொல்கிறார், என்னை! அதையே மறுபடியும் கேட்டேன், குரலைச் சற்றும் குறைக்காமல்.