மூன்று டிஸ்க்கும் பதினோரு விநாடியும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன், பதிலைச் சாவகாசமாக எழுது. எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் இதைப் போனில் சொல்ல முடியாது. பாதியில் நீ "அம்மா, மெதுவா, மெதுவா" என்று நிறுத்துவாய், பக்கத்து அறையில் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லிடாதே, அதுக்கு அங்கே ஆயிரம் வேலை" என்று ஏழு வாரமாக என் வாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். இப்போது அவர் வெளியே போயிருக்கிறார், தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நடுவில் எழுந்து குதிக்காமல் முழுவதும் படி.

உன் அப்பாவை ஏழு வாரமாக வண்டியிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள் கண்ணு. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவரை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கைத்தடி ஊன்றி நடக்கிற ஒரு வயதான அம்மா இறங்கும்போது விழுந்துவிட்டார். அப்பாதான் ஓடிப்போய்த் தூக்கி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் அந்த அம்மாவின் அண்ணன் மகன் வந்து, காலைக் கீழே வைப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தார். அவர் அங்கே இருந்தாரா என்றால் இல்லை. விழுந்த அம்மாவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைப்பா" என்கிறார். அதற்கே விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், என்ன செய்வார்? விடிவதற்கு முன்னால் எழுந்து ஷூவைத் துடைத்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சமையலறைக் குழாயை மூன்று முறை கழற்றி மாட்டினார். வீட்டில் இருக்கிற கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், இப்போது யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே எனக்குத் தெரிவதில்லை. மேல்வீட்டுக்காரி "அண்ணன் லீவா?" என்று தினமும் கேட்பாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள், அவளுக்கு நான் ஒரு நாள் வைத்திருக்கிறேன்.

பஸ் கதவுக்கு மேலே இருக்கிற கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பத்து நாளில் அந்தப் பெட்டி பழையதை அழித்துவிடும் என்பதால், டிப்போவில் கேமரா பார்க்கிற மெக்கானிக் அன்றைக்கே முழுப் பயணத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். அவர் நல்ல மனுஷர், நன்றாக இருக்கட்டும். அதைக் கொண்டுபோய் விசாரணை அலுவலகத்தில் கொடுத்தால் அங்கே இருக்கிற எழுத்தர், "பென் டிரைவ் எல்லாம் வாங்க மாட்டோம், வைரஸ் வரும், டிஸ்க்கில போட்டுக் குடுங்க" என்றார். சரி, விழுந்த இடத்தை மட்டும் போட்டுத் தருகிறோம் என்றால் அதுவும் கூடாதாம், கிளம்பினதிலிருந்து திரும்பினது வரைக்கும் முழுசாக வேண்டுமாம். ஃபைல் பதினோரு ஜி.பி., ஒரு டிஸ்க்கில் நாலு சொச்சம்தான் கொள்ளும். தொட்டித் தண்ணீர் முழுசும் வேண்டும், ஆனால் டம்ளரில் கொண்டுவா என்கிற நியாயம் இது. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து, சும்மா கேட்கிறதுபோலப் பெரிய வீடியோவை டிஸ்க்கில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, துண்டு போடறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்றாய். உன் பழைய லேப்டாப்பில் அப்படியே செய்தேன். மூன்று துண்டு, மூன்று டிஸ்க், ஒன்று இரண்டு மூன்று என்று என் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தர் முதல் டிஸ்க்கைப் போட்டார், ஒன்றுமில்லை. இரண்டாவதும் ஓடவில்லை, மூன்றாவதும் ஓடவில்லை. வரிசையில் பதினைந்து பேர் நிற்கும்போது, "என்னம்மா, ஓடாத டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டறீங்க" என்று கேட்டார். நான் கூனிக்குறுகிப் போனேன். பிறகு கேமரா மெக்கானிக்தான் விளக்கினார். அந்தச் சாஃப்ட்வேர் ஃபைலைத்தான் துண்டு போடுமாம், படத்தை அல்ல. மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் மறுபடி ஒட்டினால்தான் படமாகுமாம். தனித்தனியாக ஓட வேண்டுமா என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? எதற்காகக் கேட்கிறேன் என்று நானும் சொல்லவில்லை, சரி, அது வேறு. ஆனால் ரெண்டு நிமிஷ வேலை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே.

அப்புறம் மார்க்கெட் முனையில் கல்யாண வீடியோ எடுக்கிறவரின் கடைக்குப் போனேன். அவர் படத்தையே மூன்றாக வெட்டி, மூன்று டிஸ்க்கில் போட்டு, உறையெல்லாம் போட்டுக் கொடுத்தார். நல்லபடியாக ஓடியது. விசாரணை நாளில் துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள், நான்தான் போனேன். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற ஒரு நீள அறை, அதிகாரி ஒருவர், அந்த எழுத்தர், நாங்கள் இருவர், ஒரு பழைய டி.வி. முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவதும் ஓடி முடிந்தது. அது முடிகிற இடத்தில் அந்த அம்மா படியில் நிற்கிறார், ஒரு கையில் தடி, இன்னொரு கையில் குடை, ஒரு கால் தூக்கியிருக்கிறது. திரையின் மூலையில் மணி பத்து நாற்பத்திரண்டு, ஏழு விநாடி. மூன்றாவதைப் போட்டதும் அந்த அம்மா கீழே கிடக்கிறார். மணி பத்து நாற்பத்திரண்டு, பதினெட்டு விநாடி. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நடுவுல பதினோரு விநாடி எங்கே? இவ்வளவு நீளப் பயணத்துல சரியா இந்த இடத்தைப் பார்த்து வெட்டியிருக்கீங்களே, இங்கே வெட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "நான்தான் சார்" என்றார். எழுத்தர் அதை அப்படியே டைப் அடித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வண்டியை எடுத்து விழவைத்தார் என்ற பழி போதாதென்று மறைத்தார் என்ற பழியும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரத்தில் முழுசாகக் கொண்டுவராவிட்டால் இருப்பதை வைத்து முடிவு எழுதிவிடுவேன் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

வெட்டச் சொன்னது நான் கண்ணு. கடைக்காரர் என்னைத்தான் கேட்டார், "எங்கேக்கா வெட்டட்டும்?" என்று. நான் பெரிய விவரக்காரிபோல, "வண்டி ஓடும்போது வெட்டாதே தம்பி, நிக்கற இடமாப் பார்த்து வெட்டு" என்றேன். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாதா? வண்டி ஓடும்போது அப்பாவிடம் யாரும் பேசக்கூடாது. உன் மார்க் ஷீட்டானாலும் சரி, உனக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, வண்டி நின்ற பிறகுதான். நீ என் வயிற்றில் இருக்கிற செய்தியைக்கூட டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறி, நாலு நிறுத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசி நிறுத்தத்தில்தான் சொன்னேன். அந்தப் புத்தி படத்துக்கும் வந்துவிட்டது. நான் தைக்க வேண்டிய சீருடை கிடக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் டிஸ்க் அளவைப் பார்த்திருக்கிறார், பஸ் அதிக நேரம் நின்ற இடத்தைப் பார்த்திருக்கிறார், அது ஆஸ்பத்திரி நிறுத்தமாகப் போய்விட்டது. வாங்கி வந்தவள் முழுவதும் ஓட்டிப் பார்த்தேனா? முதல் டிஸ்க்கில் ஐந்து நிமிஷம் பார்த்தேன், அட ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் உறைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பதினோரு விநாடி எங்கே என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டால் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, "வெட்டற இடத்துல பத்து விநாடி அப்படி இப்படிப் போகும்க்கா, கல்யாண வீடியோவுல யாரு கேக்கறா?" என்கிறார். அங்கேயே அவரைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தேன். சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார்.

திட்டி முடித்து அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு துண்டுத் துணியைச் சேர்க்க வேண்டுமென்றால் தையலுக்கு அரை இஞ்ச் விடாமல் நான் வெட்டுவேனா? இதற்கும் அப்படி விட்டால் என்ன? "ஒவ்வொரு டிஸ்க்கும் முந்தின டிஸ்க்கோட கடைசி ரெண்டு நிமிஷத்தை மறுபடி காட்டிட்டுத்தான் தொடங்கணும்" என்றேன். "இது நல்லா இருக்கேக்கா" என்று வியந்தார், வியப்பு ஒன்றுதான் குறைச்சல். இந்த முறை நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி நிறுத்தத்தை நடு டிஸ்க்கின் நடுவில் முழுசாக வரும்படி வைத்து வெட்டச் சொல்லி, மூன்றையும் அங்கேயே முதலிலிருந்து முடிவுவரை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து மணி நேரம். கண் பூத்துப்போனது.

போன வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மின்விசிறி. அந்தப் பதினோரு விநாடியும் ஓடியது. அந்த அம்மா ஒரு காலை வைக்கிறார், மறு காலையும் வைக்கிறார், தடியை ஊன்றி இரண்டு அடி நடக்கிறார். பஸ் இம்மிகூட அசையவில்லை, கதவுகூட மூடவில்லை. குடை நழுவுகிறது, எடுக்கக் குனிகிறார், நடைபாதை விளிம்பு தடுக்கி விழுகிறார். அவ்வளவுதான். இந்தப் பதினோரு விநாடிக்காக ஏழு வாரம் என் வீட்டில் ஒரு மனுஷன் ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி, "சரி, திங்கட்கிழமையிலேருந்து டூட்டிக்கு வரலாம்" என்றார். ஒரு மன்னிப்பு, ஒரு "சிரமத்துக்கு வருந்தறோம்", எதுவும் கிடையாது. அதோடு விட்டாரா? "ஆனா சேதமான வீடியோவைக் குடுத்திருக்கீங்க, வெட்டச் சொன்னது நீங்கதான்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அதுக்கு ஒரு எச்சரிக்கை உங்க பேர்ல பதிவாகும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வரிகூட ஏறாத ஃபைல் அது. நான் எழுந்துவிட்டேன். "சார், வெட்டச் சொன்னது நான், அவருக்கு ஒண்ணும் தெரியாது, என் பேரை எழுதுங்க" என்றேன். அதிகாரி அப்பாவைப் பார்த்து, "அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். உன் அப்பா மெதுவாக, "வண்டி என்னுது சார். உள்ளே யார் கை பட்டு எது ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்றார். "அப்படின்னா எச்சரிக்கையும் உங்க பேர்லயே இருக்கட்டும்" என்று அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

நீயே சொல் கண்ணு, நான் என்ன அவர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஏறியவளா? இத்தனை வருஷம் பக்கத்தில் இருப்பவள், என் தப்பை நான் சுமக்கக்கூடாதா? வீட்டுக்கு வந்து இதைக் கேட்டேன், கத்தித்தான் கேட்டேன், மேல்வீட்டுக்காரிக்குக் கேட்டிருந்தால் கேட்கட்டும். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "விடு, நீ சொன்னா உன்னைத் திருப்பித் திருப்பிக் கேப்பாங்க, நீ அழுதுடுவே, அதை என்னால பார்க்க முடியாது" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சண்டை போடவும் வரவில்லை. சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். அவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குக் கிளம்பினதும் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், முடிக்க இரண்டு நாள் ஆகிவிட்டது.

நீ நல்ல ஆரோக்கியத்தோடும் நிம்மதியோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் கையில் எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்து, "இங்கே விசேஷம் ஒண்ணுமில்லை" என்பார். எல்லாம் தெரியும் என்று சொல்லி என் பங்குக்கு ஒரு அதட்டுப் போடு. யார் சொன்னது என்று கேட்பார். அவரைப்போல நீயும் எனக்காகப் பொய் சொல்லிவிடாதே, என் பேரைச் சொல்.

இப்படிக்கு,
அந்த இடத்தில் வெட்டச் சொன்ன
உன் அம்மா