பாட்டுக்குள் வந்த ஆண்குரல்

களியக்காவிளை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு பெமிலா எழுதுவது. இங்கே நானும் மாமியும் கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை மூன்று வாரமாக நீங்கள்தான் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஜெரிஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சபைப் பாடகர் குழுவுக்காக நான் பாடிப் பதிவு செய்து உங்களுக்கும் அனுப்பிய பாட்டில் ஓர் ஆண்குரல் கேட்டதாம். என்னிடம் கேட்டிருக்கலாம். உங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் பாடப் போய்க் கதவைச் சாத்தினால் மாமி வெளியே வாரியலோடு நிற்கிறார். ஒரே இடத்தை எத்தனை முறைதான் பெருக்குவார்?

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதை மறந்துவிட்டீர்கள். நான் பாடிய மைக் சபையில் கழித்துப்போட்டது, இம்பிடன்ஸ் அதிகம். மாடியிலிருந்து கீழே கம்ப்யூட்டர் வரை நீள ஒயர் இழுத்திருந்தேன். அந்த மாதிரி மைக்குக்கு நீள ஒயரே ஆன்டெனா ஆகிவிடும், ரேடியோ உள்ளே நுழையும். இம்பிடன்ஸைக் குறைக்கப் பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கழற்றி மைக் பக்கம் வைத்தேன். முதலில் தலைகீழாக இணைத்துவிட்டேன், என் பாட்டே கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்த்து ஒரு ஃபில்டர். கெப்பாசிட்டர் பெரிதாகிப்போய், ஜலதோஷம் பிடித்தவள் மாதிரிப் பாடினேன். சின்னது மாற்றியதும் சரியாயிற்று.

பிறகு டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபில்டரையும் கழற்றிவிட்டு, மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் வாய் திறக்காமல் பதிவு செய்தோம். அந்த ஆள் வந்தார். கடலுக்குப் போகிறவர்களுக்கு மலையாளத்தில் காற்று நிலவரம் வாசித்தார். ஏட்டி, இது ரேடியோல்லா என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். திரும்ப மாட்டியதும் ஆளைக் காணோம். அன்று மீன்குழம்பில் தலைத்துண்டு எனக்குத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, அத்தான். போன மாதம் நீங்கள் அனுப்பிய குரல் செய்தியில், அறையில் தனியாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். அதையும் ரேடியோ என்று நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் உங்கள் போனுக்கு நீள ஒயர் கிடையாது. சிரித்தவள் பிரபின் என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் செய்கிறாள். ஒயர் வழியாக நுழைவதைத்தான் என் ஃபில்டர் தடுக்கும். மைக்குக்குப் பக்கத்தில் நிற்பவரை அது ஒன்றும் செய்யாது.

மாமிக்கு இதைப் போட்டுக் காட்டவில்லை. உங்களுக்காகத் தினமும் ஜெபத்தில் முழங்கால் போடுகிறார். நானும்தான் போடுகிறேன். கர்த்தர் உங்களைக் காப்பாராக. பதில் எழுதுங்கள், எதுவானாலும் எழுதுங்கள். அது ரேடியோ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
பெமிலா