துணைவேந்தரின் தட்டச்சர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனாவில். எடுப்பதற்குள் ஒன்பது மணி பஸ் போய்விட்டது. ஆட்டோ.

செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங். இவருக்கு மாத்திரை, பதினைந்து நாளுக்கு. பல் டாக்டர் (கீழே, வலது கடைசி). பென்ஷன் படிவம், ஃபாத்திமாவிடம் கேட்க.

ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. விசாரணைக் குழு வருவது உறுதியாம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை. இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த உதவிப் பேராசிரியர் இண்டர்வியூ விஷயம். மதிப்பெண் பட்டியலை மாற்றிவிட்டார்கள் என்று மலர்விழி என்கிற பெண் கொடுத்த புகார். குற்றச்சாட்டு நேராக சார் மேல். துணைவேந்தர் மேல்.

ஃபைல் கொடுக்க உள்ளே போனேன். "ஏன் முகம் இப்படி இருக்கு? ஒண்ணும் ஆகாது சாந்தி. நான் இருக்கேன்ல" என்றார். கவலைப்பட வேண்டியவர் அவர். எனக்குத் தைரியம் சொல்கிறார்.

ஜூலை 10, வியாழன்

விசாரணைக் குழுவுக்கு சார் விளக்கக் கடிதம் கொடுக்க நாளை கடைசி. சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலுமாக இரண்டு முறை கதவருகே போய் நின்றேன். கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் டைப்பிஸ்ட் உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம்.

இருபத்துமூன்று வருஷத்தில் இது முதல் தடவை. துறைத்தலைவராக, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக, டீனாக, இப்போது வி.சி.யாக. எந்த நாற்காலிக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே "சாந்தியை என் ஆபீஸுக்குப் போடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் சொல்லி நான் எழுதாத கடிதம் கிடையாது. அவர் அம்மாவின் கருமாதிப் பத்திரிகைகூட நான் அடித்ததுதான். மாணவர்கள் விடுதித் தண்ணீருக்காக கேட்டை மறித்தபோதும் சரி, நூலகத்தை இடித்துக் கட்டியதற்கு ஆசிரியர் சங்கம் கறுப்பு பேட்ஜ் குத்தியபோதும் சரி, பதில் எழுதியது நாங்கள் இரண்டு பேர். அப்படித்தான் நினைப்பு எனக்கு.

என்னை இதில் இழுக்க வேண்டாம் என்று விட்டிருப்பார். அப்படித்தான் இருக்கும். திரும்பி வரும்போது மனசில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பஸ்ஸில் பின்சீட்டில்: "காவிரியில தண்ணி பாத்தியா? இத்தனை நாள் எங்க இருந்துச்சு இவ்வளவும்?"

ஜூலை 15, செவ்வாய்

பல்லை அடைத்தாயிற்று. ஒரு பக்கம் மரத்துப்போய், இட்லியோடு கன்னத்தையும் கடித்துக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

இண்டர்வியூ முடிந்த மறுநாள் காலை. மதிப்பெண் பட்டியல் இரண்டு பக்கம். வல்லுநர்கள் கையெழுத்து இரண்டாம் பக்கத்தில். சார் கூப்பிட்டு, "முதல் பக்கத்துல கொஞ்சம் திருத்தம். எழுதிக்கோங்க" என்றார். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். எழுதினேன். முதலாவதாக இருந்த மலர்விழி நாலாவது. நாலாவதாக இருந்தவர் முதலாவது. அவர் ஒரு சிண்டிகேட் உறுப்பினரின் மருமகன்.

"சார், கையெழுத்து போட்டுட்டாங்களே..." என்று இழுத்தேன்.

"ரெண்டாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். முதல் பக்கம் மட்டும் அடிங்க."

அடித்தேன். பத்து நிமிஷ வேலை. மதியம் புளிசாதம், வடாம். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஏன் என்று யாராவது கேட்டால்? அதற்கு முந்தின வருஷம்தான் இவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சார் ஒரு போன். கால் மணி நேரத்தில் உள்ளே. மகள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர். அவரிடம் போய் முடியாது என்று எப்படி?

இது பதில் இல்லை. தெரிகிறது.

ஜூலை 18, வெள்ளி

குழுவிலிருந்து எனக்குக் கடிதம். 30-ஆம் தேதி ஆஜராக வேண்டும். சாரின் விளக்கத்தின் நகலும் சேர்த்து.

ஏழாம் பத்தி. அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி பட்டியலின் முதல் பக்கம் மாற்றப்பட்டது எனக்குத் தெரியாது. என் அலுவலகத்தில் பணிபுரியும் ஒரு தட்டச்சர், யாருடைய தூண்டுதலாலோ, என் அனுமதியின்றி இதைச் செய்திருக்கக்கூடும் என்று அறிகிறேன்."

ஒரு தட்டச்சர்.

பெயர்கூட இல்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெல். போனேன். திங்கள்கிழமை மீட்டிங்குக்கு நினைவூட்டல் கடிதம். டிக்டேஷன். எழுதினேன்.

ஜூலை 19, சனி

வீட்டில் இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"நீ அடிச்சியா?"

"அடிச்சேன்."

"அவர் சொல்லி?"

"ஆமா."

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "ஆஸ்பத்திரிக்கு அவர் போன் பண்ணாம இருந்திருந்தா நான் இல்ல. அதையும் மறக்க முடியாது. ஆனா அதுக்காக உன் தலையை எடுத்துக் கொடுக்கணுமா?" என்றார். மோட்டார் போடப் போய்விட்டார். டேங்க் நிரம்பி வழியும்வரை கீழேயே நின்றார்.

ஜூலை 21, திங்கள்

சாரிடம் நேராகவே கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு.

"சார், ஏழாம் பத்தி."

நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது வக்கீல் எழுதினது சாந்தி."

"கையெழுத்து உங்களுது."

"உக்காருங்க." உட்காரவில்லை. "இத பாருங்க, கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா ஒரு மெமோவோட முடிஞ்சுடும். உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எட்டு மாசம். நான் போயிட்டேன்னா இந்த யூனிவர்சிட்டியே பின்னாடி போயிடும். நான் சொல்றது புரியுதுல்ல?"

"தூண்டுதல்னு இருக்கு சார். யாரோ தூண்டி நான் செஞ்சேன்னு."

"அது சும்மா ஒரு வார்த்தை."

இருபத்துமூன்று வருஷமாக ஒரு கமா இடம் மாறினாலும் திருப்பி அனுப்பியவர். அவருக்கு சும்மா ஒரு வார்த்தை.

மதியம் ஃபாத்திமாவிடம் சொன்னேன். பக்கத்து செக்‌ஷன் ஆபீசர், பாலக்கரைக்காரி, என்னோடு வேலையில் சேர்ந்தவள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "நீ எல்லாத்தையும் நோட்ல தேதி போட்டு வைப்பியே. அது இருக்கா?" என்றாள்.

இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியெல்லாம் கூட்டம், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

சாரின் மனைவி போன். எப்போதும் பாசமாகப் பேசுபவர். இன்றும் அப்படியே. மகள் எப்படி இருக்கிறாள், பேத்தி நடக்கிறாளா. அப்புறம், "சாந்தி, இவர் சரியா சாப்பிடறதே இல்ல. வெளியில தலைகாட்ட முடியல. உங்களுக்கு என்னம்மா, பேப்பர்ல பேரா வரப்போகுது? எங்களுக்கு அப்படி இல்லையே."

"எனக்கும் பேரு இருக்கும்மா" என்றேன்.

"நாங்க உங்களை அப்படி நினைக்கல" என்று வைத்துவிட்டார்.

எப்படி நினைக்கவில்லை என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

ஜூலை 30, புதன்

விசாரணை. விருந்தினர் மாளிகை ஹாலில். ஏ.சி. குளிர், புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டேன். நீதிபதி வயதானவர், மெல்லிய குரல். பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள், வெளியூர்.

"முதல் பக்கத்தை மாற்றி அடிச்சது நீங்களா?"

"ஆமாங்க."

"யார் சொல்லி?"

ஹாலில் சார் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

"துணைவேந்தர் சொன்னாருங்க."

"ஆதாரம்?"

அந்த வருஷத்துச் சுருக்கெழுத்து நோட்டை வைத்தேன். புரட்டிப் பார்த்தார். கோடும் வளைவும் புள்ளியும். பேராசிரியர்களிடம் நீட்டினார். அவர்களுக்கும் தெரியவில்லை. "நீங்களே படிங்க" என்றார்.

படித்தேன். தேதி, நேரம். பெயர்கள், எண்கள். கடைசி வரி: "ரெண்டாம் பக்கம் அப்படியே." அவர் வாயில் வந்த எதையும் விடாமல் எழுதுவது பழக்கம். அதனால் அதுவும் இருந்தது.

சுருக்கெழுத்து ஆசிரியர் ஒருவரை வைத்துச் சரிபார்ப்பார்களாம். நோட்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். எழுந்தபோது நீதிபதி கேட்டார்: "தப்புன்னு தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் இரு கரையும் தொட்டு ஓட்டம். சத்தம் இல்லாத தண்ணீர், உள்ளே இழுப்பு. இவரும் நானும் தள்ளி நின்றே கும்பிட்டோம். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். மகள் வீடியோவில்.

ஆபீஸில் விசாரணை முடிந்ததிலிருந்து ஒருவரும் என் டேபிளுக்கு வருவதில்லை. ஃபாத்திமா மட்டும். மாடிப்படியில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே: "சோறு போட்ட கையையே கடிச்சா இப்படித்தான்."

அரசாங்கச் சம்பளம். யார் சோறு?

இருந்தும் குத்துகிறது. அவர் மேல் கோபம் வரும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வாசலும் கூடவே வருகிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. நோட்டில் இருப்பது உண்மை. அந்த நியமனம் ரத்து. மலர்விழிக்கு வேலை. சார் ராஜினாமா. "உடல்நிலை காரணமாக" என்று கடிதம். அதையும் வேறு யாரோ அடித்திருக்கிறார்கள், ஒற்றுப்பிழை இரண்டு.

எனக்கும் குற்றச்சாட்டு மெமோ. தெரிந்தே செய்தது, இரண்டு வருஷம் மறைத்தது. தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு மாற்றல். ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தம். எதிர்த்து எழுதப் போவதில்லை.

மூன்று மணிக்கு சார் அறையைக் காலி செய்ய வந்தார். நான்தான் சாவி கொடுக்க வேண்டும். புத்தகங்கள், சால்வைகள், நினைவுப் பரிசுகள். அட்டைப் பெட்டிகளில் அடுக்கியது டிரைவர். சார் ஜன்னல் பக்கம் நின்றார். தலை நிறைய நரைத்திருந்தது. போன மாதம் வரை டை அடித்திருந்தார் போல.

போகும்போது வாசலில் நின்று, "உங்களை நம்பினேன் சாந்தி" என்றார்.

அதையேதான் நானும் அவரிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புது இடம். ஃபேன் சத்தம். கம்ப்யூட்டர் பழசு. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து போய்விட்டது.

பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு பெண் டேபிள் முன்னால். மஞ்சள் காட்டன் புடவை, தோளில் கனமான பை. "சாந்தி மேடம்? நான் மலர்விழி."

பட்டியலில்தான் பார்த்திருக்கிறேன். ஆள் சின்னவள். ஊர் திருவெள்ளறைப் பக்கமாம். இந்த இரண்டு வருஷமும் சமயபுரம் தாண்டி ஒரு தனியார் காலேஜில். இன்று வேலையில் சேர வந்திருக்கிறாள்.

நாற்காலி போட்டேன். உட்கார்ந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அசட்டுத்தனம்.

"இண்டர்வியூ முடிஞ்சு வெளியில வந்தப்ப எக்ஸ்பர்ட் ஒருத்தர் கை குடுத்தாரு மேடம். அப்பா அன்னைக்கே ஊரெல்லாம் சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் போஸ்ட்மேனைப் பார்த்துட்டே இருந்தோம். அப்புறம் அப்பா டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டாரு." குரல் உயரவில்லை. "உங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்ல?"

"தெரியும்மா."

"ஒண்ணு கேக்கலாமா? அவர் உங்க மேல பழியப் போடாம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

பக்கத்து டேபிள்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இல்லம்மா. சொல்லியிருக்க மாட்டேன்."

தலையாட்டினாள். எதிர்பார்த்த பதில்தான் போல. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். ஜாயினிங் ரிப்போர்ட் எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். மெயின் பில்டிங், முதல் மாடி என்றேன். வழி குழப்பும், கூட வருகிறேன் என்று நானும் எழுந்தேன்.

"வேணாம் மேடம். நானே போய்க்கிறேன்."