கண்ணாடித் தட்டில் செத்த கிருமி

கல்லுமேடு, இடுக்கி மலை
3 மார்ச் 1984

என் மருமகள் ரோசிலிக்கு மாமா குஞ்ஞவரா எழுதுவது. கர்த்தர் உன்னைக் காக்க.

நம் எலுமிச்சைப்புல் தைலத்தைச் சொட்டியதும் உன் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமியெல்லாம் செத்தது என்று எழுதியிருந்தாயே! அதைக் கள்ளுக்கடையில் உரக்க வாசித்தேன். கோடிக் கிருமி என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். வறீது, "எண்ணிப் பாத்தீரா ஓய்?" என்றான். "என் மருமக எண்ணினாடா, உன் தலைப் பேனையும் சேத்து!" என்றேன். கடையே சிரித்தது.

புல் அறுத்த மலைக்கு, புதுத்தளிர் வர, வழக்கம்போல் தீ வைத்தோம். மறுநாள் உன் அத்தை வெறுங்காலோடு போக, கருகிய புல்தட்டை உள்ளங்காலில் ஏறிவிட்டது. "எனக்குச் சக்கர வியாதி, ஆஸ்பத்திரிக்குப் போவோங்க" என்றாள். "தைலம் காய்ச்சுற வீட்ல ஆஸ்பத்திரி எதுக்குடி?" என்று எதுவும் கலக்காத பச்சைத் தைலத்தில் துணி நனைத்துக் கட்டினேன். அலறினாள். கிருமி சாகிற சத்தம்தான் அது.

ஆசியுடன்,
மாமா

எறணாகுளம்
7 மார்ச் 1984

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் அந்தக் கட்டை அவிழுங்கள். கண்ணாடித் தட்டில் ரத்தம் ஓடுவதில்லை, அதற்குச் சர்க்கரை வியாதியும் இல்லை. தைலத்திலுள்ள சிட்ரால் என்னும் பொருள் கிருமியைக் கொல்வது நிஜம். அது மருந்தாக வருஷங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். பச்சைத் தைலம் புண்ணை இன்னும் வேகவைக்கும். என்னை வளர்த்தவள் அவள். இன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் கால் போகும், உயிரும் போகும்.

ரோசிலி

கல்லுமேடு
11 மார்ச் 1984

ரோசிலிக்கு,

படித்தவர்களுக்கே பயம் அதிகம். இப்போது இந்த மலையில் எனக்கு வைத்தியர் என்று பெயர். இந்த நேரத்தில் உன் அத்தையை ஜீப்பில் மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வறீது என்ன சொல்வான்?

நல்ல செய்தி கேள். வலி அடியோடு நின்றுவிட்டது. தொட்டாலும் தெரியவில்லை என்று நேற்றுச் சொன்னாள். பாதம் கறுத்திருக்கிறது, விஷம் வெளியேறுகிறது. ஒரு வாடை வந்தது, குப்பித் தைலம் முழுவதையும் ஊற்றினேன். அனலாய்க் கொதித்த காய்ச்சல்கூட இன்று விடியலில் விட்டுவிட்டது. உடம்பு ஓடைத் தண்ணீர்போல் சில்லென்று இருக்கிறது. அயர்ந்து தூங்குகிறாள்.

கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. உலுக்கினேன், பெயர் சொல்லி அழைத்தேன். என் குரல் அவளுக்குச் சலித்துப்போயிருக்கும். இந்த மாமாவுக்குத் தெரியாத வைத்தியம் இல்லை, ஆனாலும் நீ கிளம்பி வா. நீ வந்து ஒரு தடவை கூப்பிடு. நீ கூப்பிட்டால் எழுந்துவிடுவாள்.

குஞ்ஞவரா